ஜெட் கிட் போடுகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டூ ஸ்ட்ரோக் வண்டியில் மிக்குனி கார்ப்பரேட்டரை எடுத்துவிட்டு கெய்ஹின் கம்பெனியின் பிடபிள்யூகே 28 கார்ப்பரேட்டரை மாட்டினேன். பழையதில் மெயின் ஜெட் (முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு) 130. இதிலும் 130 போட்டேன். முழு ஆக்சிலேட்டரில் புகைந்து அடைக்கிறது. ஏன் அண்ணே?

பதில்: எண் ஒன்றுதான், அளவு வேறு தம்பி. மிக்குனியின் அறுகோண ஜெட்டில் உள்ள எண், நிமிடத்துக்கு எத்தனை மில்லி பாய்கிறது என்ற கணக்கு. கெய்ஹினில் அது துளையின் விட்டம். 130 என்றால் 1.30 மி.மீ. அதனால் கெய்ஹின் 130 கூடுதலாகப் பெட்ரோல் விடும். டைனோஜெட் என்ற கம்பெனியின் கிட்டுக்குத் தனிக்கணக்கு. முதலில் யார் செய்த ஜெட் என்று பாருங்கள், எண்ணை அப்புறம் படிக்கலாம்.

இப்போது ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருப்பது நல்லதுதான். அங்கிருந்து ஒவ்வொரு அளவாகக் குறையுங்கள். புது பிளக் போட்டு, காலி ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்த கையோடு இன்ஜினை அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கானின் அடிப்பாகம் வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்கள். லீனில், அதாவது பெட்ரோல் குறைவாக, ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துவிடும்.

கேள்வி: அடைத்த ஜெட்டை ஊக்கால் குத்தலாமா?

பதில்: கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர், காற்று, அவ்வளவுதான்.

கேள்வி: பாதி ஆக்சிலேட்டரில் மட்டும் பிக்கப் இல்லை. மெயின் ஜெட்டைக் கூட்டவா?

பதில்: வேண்டாம். கைப்பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். கால் பங்கிலிருந்து முக்கால்வரை நீடில்தான் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கி பெட்ரோலை விடும் கூம்பு ஊசி) பேசும். லீனாக இருந்தால் நீடிலின் தலைப்பக்கம் உள்ள கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள்; நீடில் உயரும், பெட்ரோல் கூடும்.

கேள்வி: கார்ப்பரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். நீங்கள் குறையும் என்று முன்பு சொன்னீர்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் சரி. ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு. வெளியே திருப்பினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கு. வெளியே திருப்பினால் ரிச்.

கேள்வி: அவர் முப்பது வருட மெக்கானிக் அண்ணே!

பதில்: அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஸ்க்ரூ எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஊட்டி போகிறேன், சின்ன ஜெட் போடவா?

பதில்: 2,240 மீட்டரில் காற்று மெலிந்து வண்டி ரிச்சாகும், உண்மைதான். இரண்டு நாளுக்காக மாற்றாதீர்கள். சின்ன ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி முறுக்கினால் பிஸ்டன் போய்விடும்.

கேள்வி: எனக்கு எந்த நம்பர் ஜெட் போடலாம்?

பதில்: இதே கேள்வி நான்காவது தடவை. வண்டி, கார்ப்பரேட்டர், ஃபில்டர், சைலென்சர், இப்போதுள்ள ஜெட், எல்லாம் எழுதுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூவைப் பார்த்தேன் அண்ணே, ஃபில்டர் பக்கம்தான்.

பதில்: அப்போது ஏர் ஸ்க்ரூ. இன்ஜின் சூடானதும் மெதுவாக முழுக்க உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து அங்கிருந்து தொடங்குங்கள்.