ஆறு வற்றிப்போன பிறகு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். என் கணவர் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அமெரிக்கா வரியைக் கூட்டியதும் ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஐந்து மாதமாகக் கிடைக்கிற நாள்கூலிக்குப் போகிறார். என் செயின் அடகில் இருக்கிறது. மகளிர் குழுக் கடனுக்கு வாராவாரம் கட்ட வேண்டும், பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் பாக்கி. "கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ யாரிடமும் வாய் திறக்காதே" என்கிறார் அவர். சபையில் யாராவது விசாரித்தால் "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா அக்கா? மூலையில் கிடக்கிற பழைய ஓவர்லாக் மெஷினையும் விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
- வாசகி, திருப்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் மெஷினை விற்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

பயம் வந்துவிட்டதாலேயே விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று தாவீது பாடுகிறார் (சங்கீதம் 56:3). பயப்படாத நாளில் என்று அவர் பாடவில்லை, அதைக் கவனியுங்கள். தூக்கம் வராமல் புரள்கிற அந்த ராத்திரியிலும் நீங்கள் அவரிடம்தானே பேசிக்கொண்டு கிடக்கிறீர்கள்?

எலியா தீர்க்கதரிசியின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் படித்திருப்பீர்கள். காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டுவதும் அதைத்தான். அடுத்த வசனத்தை யாரும் வரைவதில்லை. மழை பெய்யாததால் கேரீத் ஆறு வற்றிப்போயிற்று (1 இராஜாக்கள் 17:7). எலியா கீழ்ப்படியாமல் போனதால் அது வற்றவில்லை, அவர் கர்த்தர் போகச் சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார், சொல்லப்போனால் மழை பெய்யாது என்று ஆகாப் ராஜாவிடம் போய் அறிவித்தவரே அவர்தான், அப்படியிருந்தும் ஊரெல்லாம் காய்ந்தபோது அவர் குடித்த தண்ணீரும் காய்ந்தது. உங்கள் கணவருடைய வேலை போனதும் அப்படித்தான். எங்கோ ஒரு நாட்டில் வரி கூடியது, இங்கே ஆர்டர் நின்றது. கர்த்தர் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார் என்று அதில் தேடாதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கர்த்தர் எலியாவைச் சீதோனுக்கடுத்த சாறிபாத்துக்கு அனுப்புகிறார், ஆகாபின் மனைவி யேசபேலின் அப்பா ராஜாவாக இருந்த தேசம் அது. அங்கேயும் பணக்காரர் வீட்டுக்கு அனுப்பவில்லை. கடைசியாக ஒருபிடி மாவை வைத்துக்கொண்டு, அதைச் சுட்டுத் தின்று சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவையிடம் அனுப்புகிறார். அந்தப் பெரிய தீர்க்கதரிசி ஊர் வாசலில் நின்று அவளிடம் கொஞ்சம் தண்ணீர் தா, ஒரு துண்டு அப்பம் கொண்டுவா என்று வாய் திறந்து கேட்டார். வாய் திறக்காமல் இருப்பதுதான் விசுவாசம் என்றால் பஞ்சம் தீருமட்டும் குறையாத அந்தப் பானை மாவைப் பற்றி நமக்கு வாசிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

என் அம்மா ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி அடுப்பு மேடையில் இருக்கிற சின்னப் பானையில் போடுவார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று சொல்வோம். சேர்ந்ததைக் கோயிலில் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொடுப்பது வழக்கம். எனக்குப் பத்து வயதில் அப்பாவுக்கு மில் வேலை போய்விட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சில மாதத்தில் அந்தப் பானையில் போடவும் அரிசி இல்லாமல் போனபோது, பக்கத்து வீட்டு ஆச்சி எப்படியோ தெரிந்துகொண்டு எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை தோளில் ஒரு பையைச் சுமந்துகொண்டு வந்து திண்ணையில் இறக்கினார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா பையைப் பிரித்துச் சுளகில் கொட்டினார்கள். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, நடுநடுவே சிவப்பரிசி. ஐம்பது வீட்டுப் பிடி அது. சோறாக ஆக்கினால் ஒரே பதத்தில் வேகாது, ஒரு பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை நறுக்கென்று இருக்கும். முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றி அதைத்தான் இரண்டு மாதம் சாப்பிட்டோம். கர்த்தர் போஷிக்கிறார் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வாயில் வருவது அந்த வேகாத பருக்கைதான். ஆச்சி வாய் திறந்திருக்காவிட்டால் அந்தப் பை எங்கள் திண்ணைக்கு வந்திருக்காது.

இப்போது உங்கள் மெஷினுக்கு வருகிறேன். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்துவிட்டான் என்று ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடிவருகிறாள் (2 இராஜாக்கள் 4). அவர் அவளிடம் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது என்கிறாள். உடனே அவளை அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் வெறும் பாத்திரம் கேட்டு வாங்கிவரச் சொல்கிறார், அதுவும் நிறைய. தெருவே கேட்டிருக்கும், எதற்கம்மா இத்தனை பாத்திரம் என்று. கடைசியில் அத்தனை பாத்திரத்திலும் நிரம்பிய எண்ணெயை விற்றுக் கடனை முதலில் தீர்க்கச் சொல்கிறார், மீதியில் பிழைக்கச் சொல்கிறார்.

உங்கள் வீட்டில் ஓவர்லாக் மெஷின் இருக்கிறது, பதினான்கு வருஷம் துணி வெட்டிய கை இருக்கிறது. உங்கள் ஊரில் கட்பீஸ் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். அவர் வெட்டட்டும், நீங்கள் அடியுங்கள், குழந்தைகள் டிரவுசரில் தொடங்குங்கள். பக்கத்தில் பீஸ் ரேட்டுக்கு வேலை கொடுக்கிற சின்ன யூனிட்டுகளிலும் கேட்டுப் பாருங்கள். ஸ்கூலுக்கு நேரில் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்து, ஃபீஸைப் பிரித்துக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். குழுக் கடனில் தவணை தவறுமுன் தலைவியிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள், தவறிய பிறகு சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஒரு கடனை அடைக்கக் கந்துவட்டிக்குப் போகவே போகாதீர்கள். ரேஷன் அரிசியை வாங்கிச் சாப்பிடுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

கணவரிடம் சண்டை போடாதீர்கள். ஆண்களுக்கு வேலை போவது கை ஒடிந்தது மாதிரி, என் அப்பா திண்ணையில் முகத்தைத் திருப்பியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. போதகரிடம் மட்டுமாவது சொல்லுவோம் என்று அவரைக் கேளுங்கள். அவர் தயங்கினால் எலியா கேட்டதை வாசித்துக் காட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தால் அடுத்த மாதமே சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அப்போஸ்தலன் பவுலே பசியும் தாகமும் குளிரும் பட்டதாக எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 11:27). அத்திமரம் துளிர்விடவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை, ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி பாடியபோது களஞ்சியம் நிரம்பியிருக்கவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் இருந்தது கர்த்தர் மட்டும்தான். உங்களுக்கு அவரும் இருக்கிறார், ஒரு சபையும் இருக்கிறது. இந்த ஞாயிறு யாராவது விசாரித்தால் "நல்லா இருக்கோம்" என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: வருமானமே இல்லாத மாதத்திலும் கடன் வாங்கியாவது தசமபாகம் கொடுக்க வேண்டுமா? இல்லாத நேரத்தில் விதைத்தால்தான் நூறத்தனையாக வரும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள்.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். வருமானம் இல்லை என்றால் அதில் பத்தில் ஒன்றும் இல்லை. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:12). அப்படிக் கேட்பவர்கள், தனக்கு இருந்ததையெல்லாம் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசைக் காட்டுவார்கள். மாற்கு 12-ஐத் திறந்து, அந்தக் காசு வருவதற்குச் சற்று முன்னால் இயேசு என்ன சொல்கிறார் என்று பாருங்கள், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைக் கண்டிக்கிறார். கடன் வாங்கிக் கொடுத்த காணிக்கைக்கு வட்டி கட்டப்போவது உங்கள் பிள்ளைகள்தான்.

கேள்வி: கஷ்டத்தில் இருப்பவர்கள் சபையில் உதவி கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்கவில்லை, நம் டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் கேட்கவில்லை. கேட்பது விசுவாசக் குறைவு இல்லையா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நல்ல கேள்வி, அவர்கள் இருவர்மேலும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. முல்லர் 1836-ல் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்து, 1898-ல் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு அவருடைய இல்லங்கள் அடைக்கலம் கொடுத்தன. பணம் கேட்டு யாருக்கும் எழுதவில்லை. ஆனால் ஏன் அப்படிச் செய்தார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். கர்த்தர் ஜெபத்தைக் கேட்கிறவர் என்று மற்றவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகவே அந்த வேலையை அப்படி நடத்தினார். அது அவருக்குக் கிடைத்த தனி அழைப்பு. அதை எல்லா விசுவாசிகளுக்கும் சட்டமாக்கினால், நாள்கூலிக்காரர் வீட்டுப் பட்டினிமேல் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. அவர் கேட்கவில்லையே தவிர, பணம் வந்ததெல்லாம் மனுஷர் கையால்தான். எவ்வளவு வந்தது, எப்படி வந்தது என்று வருஷா வருஷம் அறிக்கை அச்சடித்தார், தன்னிடம் வந்ததிலிருந்து சீனாவில் ஊழியம் செய்த ஹட்சன் டெய்லருக்கும் அனுப்பினார்.

பவுல் வேறு வழியில் போனார். எருசலேம் விசுவாசிகளின் தரித்திரத்தைச் சொல்லி, வாரத்தின் முதல்நாள் தோறும் எடுத்துவையுங்கள் என்று கொரிந்து சபைக்கு வெளிப்படையாக எழுதினார். தரித்திரத்திலிருந்த மக்கெதோனியா சபைகள் மிஞ்சிக் கொடுத்ததை அவர்களுக்கு எடுத்துக்காட்டினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிவீர்களா? இயேசுவே களைத்துப்போய்ச் சீகார் ஊர்க் கிணற்றடியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தா என்று கேட்டிருக்கிறார்.

உங்களுக்கு வேலையும் வருமானமும் இருந்தால் ஒன்று செய்யுங்கள் ஐயா. சில வாரமாக ஆராதனைக்கு வராத ஒரு குடும்பம் உங்கள் சபையிலும் இருக்கும். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.