முதல் ஹெலிகாப்டருக்கு 78,000 ரூபாய்: இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன்; வயது 36. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 58,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 17,000, குடும்பச் செலவு 24,000, எஸ்.ஐ.பி. 5,000, மகள் பெயரில் ஆர்.டி. 3,000 போக 9,000 மிஞ்சுகிறது. அவசரத் தேவைக்கு 1,80,000 ரூபாய் எஃப்.டி.யில் இருக்கிறது, டேர்ம் இன்சூரன்ஸும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் பறக்கவிட வேண்டும் என்பது பள்ளி நாள்களிலிருந்தே ஆசை. இதுவரை எதையும் பறக்கவிட்டதில்லை. ஒன்றரை வருடமாகச் சேர்த்த 45,000 ரூபாய் இதற்கென்றே கையில் இருக்கிறது. 450 என்ற அளவு வகுப்பு ஹெலிகாப்டர், அதைக் கையிலிருந்து இயக்கும் டிரான்ஸ்மிட்டர், சார்ஜர், இரண்டு பேட்டரி எல்லாம் சேர்த்து 78,000 என்கிறார்கள். குறையும் 33,000-ஐ கிரெடிட் கார்டில் ஆறு மாத ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ.யாகப் போடலாமா? நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய 450-ஐ 28,000 ரூபாய்க்குத் தருவதாகவும் சொல்கிறார். பொம்மைக்கு இவ்வளவா என்று மனைவி கேட்கிறார்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். வீட்டுக்கடன், காப்பீடு, மகளின் சேமிப்பு, அவசர நிதி எல்லாவற்றையும் முறையாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மிஞ்சியதிலிருந்து ஒன்றரை வருடம் பொறுமையாகச் சேர்த்திருக்கிறீர்கள். அந்த 45,000 ரூபாயை ஆசைப்பட்ட பொருளுக்குச் செலவழிக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கமெல்லாம் அந்த 33,000 ரூபாயில்தான் இருக்கிறது.

இ.எம்.ஐ. கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ‘நோ காஸ்ட்’ என்றாலும் வங்கி வட்டியைக் கணக்கிடத்தான் செய்கிறது. அதற்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் கழித்துத் தருகிறார், அவ்வளவுதான். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பெரும்பாலும் ஒரு பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். இவை சிறு தொகைகள், இவற்றுக்காக நான் தடுக்கவில்லை. மாதம் 5,500 தவணை போனால் உங்கள் 9,000-இல் 3,500 தான் மிஞ்சும். அந்த ஆறு மாதமும் நீங்கள் பறக்கக் கற்றுக்கொள்ளும் மாதங்கள், அதாவது ஹெலிகாப்டர் அடிக்கடி விழும் மாதங்கள். விழுந்ததைச் சரிசெய்யப் பணமில்லாமல், ஓடாத ஹெலிகாப்டருக்குத் தவணை கட்டும் நிலை வரும். அவசரத்தில் அதே கார்டைத் தேய்த்து, பில் தொகையை முழுதாகக் கட்ட முடியாமல் போனால், பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டிய வட்டி, அதாவது ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல், ஓடத் தொடங்கிவிடும்.

விழுதல் என்றால் என்ன என்பதை, பன்னிரண்டு வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 450 வகுப்பு என்பது முக்கால் கிலோவை ஒட்டிய எடையும், ஒரு அடிக்குச் சற்று மேல் நீளமுள்ள இரண்டு பிளேடுகளும் கொண்டது. அந்தப் பிளேடுகள் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். தோள் உயரத்திலிருந்து சாய்ந்து தரையில் மோதினாலே இரண்டு பிளேடும் போய்விடும். போகிற போக்கில் அவை வால் குழாயையும் அடித்து மடக்கும், பிரதான பல்சக்கரத்தின் பற்கள் சீவப்படும், சுழலியைத் தாங்கும் மெயின் ஷாஃப்ட்டும், இரு பிளேடுகளையும் இணைக்கும் குறுக்குத் தண்டான ஃபெதரிங் ஷாஃப்ட்டும் வளையும். என்னுடைய முதல் 450 இப்படி விழுந்தபோது, ஃபெதரிங் ஷாஃப்ட் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடித் துண்டின் மீது உருட்டிப் பார்த்தபோதுதான் நடுவில் முடி அளவு வெளிச்சம் வந்து வந்து போனது. ஒவ்வொரு பாகத்தின் விலையும் தனியாகப் பார்த்தால் சிறியது, ஆனால் ஒரு முறை விழுந்தாலே ஐந்தாறு பாகங்கள் சேர்ந்து போகும். ஆகவே இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான விலையைத் தீர்மானிப்பது, கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தில் எத்தனை முறை விழுகிறது, விழுந்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகிறது என்ற இரண்டும்தான். பெட்டி மீது ஒட்டியிருக்கும் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்த இரண்டையும் குறைக்கும் விதத்தில் உங்கள் 45,000 ரூபாயைப் பிரித்துத் தருகிறேன். டிரான்ஸ்மிட்டருக்கு அதிகபட்சம் 20,000, சிமுலேட்டர் மென்பொருளுக்கு 5,000, சிறிய ஹெலிகாப்டருக்கு 12,000, கூடுதல் பேட்டரிகளுக்கும் சார்ஜருக்கும் 4,000, முதல் கட்ட உதிரிகளுக்கு 4,000. விலைகள் மாதாமாதம் மாறுபவை என்பதால் இவற்றை உச்ச வரம்பாக மட்டும் கொள்ளுங்கள்.

பெரும்பங்கை டிரான்ஸ்மிட்டருக்கு ஒதுக்கியது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஹெலிகாப்டர் விழும், டிரான்ஸ்மிட்டர் கையில்தான் இருக்கும். நாளை 450 வாங்கினாலும், அதைவிடப் பெரிய 700 வாங்கினாலும் அதே கருவி உங்களோடு வரும், விற்க நேர்ந்தாலும் நல்ல விலை போகும். ரேடியோமாஸ்டர் நிறுவனத்தின் டி.எக்ஸ்.16எஸ் அல்லது அதைவிடச் சிறிய பாக்ஸர் உங்களுக்குப் போதும். ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இவை இரண்டுமே, பல நிறுவனங்களின் ரேடியோ முறைகளில் பேசும் ‘ஃபோர்-இன்-ஒன்’ என்றும், ஒரே முறையில் பேசும் ‘இ.எல்.ஆர்.எஸ்.’ என்றும் முக்கியமாக இரு வகையாக விற்கப்படுகின்றன. பெட்டியோடு ரிசீவர் பொருத்தி வரும் சிறிய ஹெலிகாப்டர்கள் பலவற்றோடு பேசக்கூடியது ஃபோர்-இன்-ஒன் வகைதான். விலை கொஞ்சம் குறைகிறதே என்று மற்றதை எடுத்துவிட்டால், வாங்கிய ஹெலிகாப்டரோடு அது இணையாமல் போய், இன்னொரு மாட்யூலுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். த்ராட்டில், அதாவது ஏற்றி இறக்கும் குச்சி, இடது கையில் இருக்கும் ‘மோட் 2’ அமைப்பா, வலது கையில் இருக்கும் ‘மோட் 1’ அமைப்பா என்பதை, உங்களுக்குக் கற்றுத்தரப்போகும் நண்பர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே பின்பற்றி முடிவு செய்யுங்கள்.

சிமுலேட்டரை வீண்செலவாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். மேற்சொன்ன டிரான்ஸ்மிட்டர்களை யு.எஸ்.பி. கேபிளில் கணினியோடு இணைத்தால் ஜாய்ஸ்டிக்காகவே வேலை செய்யும், தனிக் கருவி வேண்டாம். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் போன்ற மென்பொருள்களில் நூறு முறை விழுந்தாலும் செலவு மின்சாரம் மட்டுமே. ஹெலிகாப்டரின் வால் உங்களைப் பார்த்து இருக்கும்வரை எல்லாம் சுலபம். மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடது வலதாகும், வலது இடதாகும், பழகாத கை தவறான பக்கம் தள்ளும், அங்கேதான் விழும். அந்தப் பழக்கம் விரல்களில் ஊறும்வரை தினமும் இருபது நிமிடம், குறைந்தது இரண்டு மாதம் திரையிலேயே ஓட்டுங்கள். அந்த இரண்டு மாதமும் ஹெலிகாப்டரை வாங்கவே வேண்டாம். பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். ஆர்வம் இரண்டு மாதத்தில் வடிந்துவிட்டால், டிரான்ஸ்மிட்டரை விற்றுவிடலாம், உங்கள் நஷ்டம் பெரும்பாலும் மென்பொருளின் விலையோடு நின்றுவிடும்.

ஹெலிகாப்டருக்கு வருவோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைச் சுழலி உள்ள கோஆக்சியல் வகை தானாகவே நிலையாக நிற்கும், ஆகவே அதில் கற்பது குறைவு. டபிள்யூ.எல்.டாய்ஸ் வி911 போன்ற, பிளேடின் கோணம் மாறாத வகை மலிவானது, திசைப் பழக்கத்துக்கு நல்லது. உங்கள் தொகைக்கு நான் சொல்வது எக்ஸ்.கே. கே110. நூறு கிராமுக்கும் குறைவான எடையில், பெரிய ஹெலிகாப்டர்களைப் போலவே பிளேடின் கோணத்தை மாற்றி ஏற்றி இறக்கும் கலெக்டிவ் பிட்ச் அமைப்பு இதில் உண்டு. புதியவர்களுக்காகத் தானே சமநிலைக்குத் திரும்பும் நிலையும், பழகியவர்களுக்கு அது இல்லாத நிலையும் உண்டு. ஃபோர்-இன்-ஒன் டிரான்ஸ்மிட்டரோடு ஃபுட்டாபா நிறுவனத்தின் எஸ்.எஃப்.எச்.எஸ்.எஸ். என்ற ரேடியோ முறையில் இணையும். புல்தரையில் விழுந்தால் பெரும்பாலும் தட்டிவிட்டு மறுபடி ஏற்றலாம். குறையும் உண்டு: காற்றில் அலையும், பெரியது போல நிதானமாக நிற்காது, பின்விசிறியின் சிறு மோட்டார் பிரஷ் வகை என்பதால் ஓட ஓடத் தேயும். அந்த மோட்டாரில் இரண்டும், ஒரு செட் பிளேடும், ஒரு பல்சக்கரமும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் அலட்சியம் பணத்தோடு வீட்டையும் சேர்த்துக் கேட்கும். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்; சில நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். ஒரு பங்குனி மாதத்தில் முழுச் சார்ஜில் நான்கு பேட்டரிகளை மூன்று வாரம் அலமாரியில் விட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது நான்கும் பூரியைப் போல உப்பியிருந்தன, ஒன்றைக்கூட மறுபடி பயன்படுத்த முடியவில்லை. சேமிப்பு அளவுக்கு இறக்கித் தரும் வசதியுள்ள சார்ஜரையே வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது அறையை விட்டுப் போகாதீர்கள், உப்பியதை மகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

எடைக்கும் பணத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 2021 ட்ரோன் விதிகள் ஆளில்லா வான்கலங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கேட்கின்றன. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு; கே110 அதில் அடங்கும், 450 அடங்காது. கோவையில் பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப் படைத் தளமும் இருப்பதால், எந்த மைதானமானாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், அங்கே பறக்கவிட அனுமதி உண்டா என்று காட்டும் மண்டல நிறத்தைப் பார்த்துவிட்டே போங்கள். மேலும், முழுமையாகப் பூட்டிய ட்ரோன்களின் இறக்குமதி, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் தவிர, 2022 பிப்ரவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக ஆர்டர் செய்தால், ஹெலிகாப்டர் சுங்கத்தில் நின்று பணம் முடங்கும் அபாயம் உண்டு. இந்தியாவில் இருப்பு வைத்து, ஜி.எஸ்.டி. பில் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

மாதம் மிஞ்சும் 9,000-இல் 1,500 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, உதிரிக்கும் பேட்டரிக்கும் அதிலிருந்து மட்டும் எடுங்கள். கணக்கு காலியானால், அடுத்த மாதம் வரை சிமுலேட்டர் மட்டும்தான். இந்த வரம்பை உங்கள் மனைவியிடம் எண்ணாகவே சொல்லுங்கள். அவருடைய கேள்விக்கு அதுதான் நேர்மையான பதில் என்று நினைக்கிறேன். அதோடு, இது பொம்மை அல்ல என்பதையும் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்: 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், அனுபவமுள்ள 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய பெரிய ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு இறந்துபோனார். சிறியதில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பரின் 450-ஐ இப்போது வாங்க வேண்டாம். அவரிடமிருந்து உங்களுக்கு இன்று வேண்டியது அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காலைகள்தான். கே110-ஐ மூக்கு உங்களைப் பார்த்த நிலையில், ஒரு பேட்டரி முழுக்க, தொடர்ந்து பத்துப் பேட்டரிகளுக்கு விழாமல் அந்தரத்தில் நிறுத்த முடிகிற நாளில் அவரிடம் போய், ஃபெதரிங் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். பிளேடில் பசை போட்டு ஒட்டிய தடம் இருக்கிறதா, அந்த மாடலுக்கு உதிரிகள் இன்றும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். பேட்டரிகள் பழையவையாக இருந்தால் அவற்றின் மதிப்பைப் பூஜ்யமாக வைத்து விலை பேசுங்கள். அதற்குள் அவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால், விட்டுவிடுங்கள்; பழைய 450 இன்னொன்று கிடைக்கும்.