குர்து ஆய்வுகள் தனித் துறையாக எப்படி வளர்ந்தன? புதிதாக நுழைபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

தனித் துறைதான். ஆனால் அதன் மூலப் பொருள்களில் பெரும்பகுதி குர்து நிலத்துக்கு வெளியேதான் கிடக்கிறது. துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நான்கு நாடுகளில் பிரிந்த மக்கள் குர்துகள். இராக்கை ஓரளவு விட்டுவிட்டால், மற்ற மூன்றிலும் இந்த ஆய்வுக்கு நெடுங்காலம் இடமே தரவில்லை. எது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் ஆய்வைத் தொடங்கினால் பாதி நாள் தேடுவதிலேயே போய்விடும்.

வழக்கமாகத் தொடக்கம் என்று சொல்லப்படுவது 1787. வட இராக்கின் அமேதி ஊரில் மதப்பணி செய்த மௌரிசியோ கர்ட்சோனி என்ற இத்தாலியப் பாதிரியார் ரோமில் குர்து இலக்கணமும் சொற்பட்டியலும் அச்சிட்டார். அடுத்துப் பெரிதாக இறங்கியது ரஷ்யா. கிரிமியப் போரில் பிடிபட்டு ரோஸ்லாவ்லில் அடைபட்டிருந்த குர்துக் கைதிகளிடம் கதைகளைக் கேட்டு எழுதினார் பீட்டர் லெர்க். எர்சுரும் நகரில் ரஷ்யத் தூதராக இருந்த அலெக்சாண்டர் ஜாபாவுக்கு முல்லா மஹ்மூத் பாயசீதி துணை நின்றார். ஏடுகளைத் தேடிப் பிடித்தது, பிரதி எடுத்தது, குர்துகளின் பழக்கவழக்கங்களை அவர்கள் மொழியிலேயே உரைநடையாக எழுதியது எல்லாம் பாயசீதி. 1860இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வந்த தொகுப்பில் ஆசிரியர் ஜாபா. துறையின் முன்னோடிகளைச் சொல்லும்போது பாயசீதியை விட்டுவிடுவது பெரிய அநியாயம். அந்த ஏடுகளுக்கு முறையான அட்டவணை வர நூறு ஆண்டு ஆயிற்று. 1961இல் மார்கரீத்தா ருதென்கோ அதை வெளியிட்டார். 1597இல் ஷரஃப் கான் பாரசீகத்தில் எழுதிய குர்து வரலாறான ஷரஃப்நாமாவும் 1860களின் தொடக்கத்தில் அதே நகரில்தான் அச்சேறியது.

சோவியத் காலத்தில் ஆர்மீனியாவின் யெரெவானும் லெனின்கிராடும் (அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான்) மையங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாரிஸ் கீழ்த்திசை மொழிப் பள்ளியில் ரோஜே லெஸ்கோவும் அடுத்து கமுரான் பெதிர்கானும் குர்து கற்பித்தார்கள். இராக்கில் 1968இல் சுலைமானியா பல்கலைக்கழகம் வந்தது. 1981இல் அரசு அதை எர்பிலுக்கு மாற்றிவிட்டது. துருக்கியில் குர்துகளைப் பற்றி எழுதியதற்காகச் சமூகவியலாளர் இஸ்மாயில் பெஷிக்சி பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1983இல் வந்த 2932ஆம் எண் சட்டம் 1991 வரை குர்து மொழியின் வாயை அடைத்தது. மார்தின் அர்துக்லு பல்கலைக்கழகத்தில் குர்து கற்பிப்பதெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

புதிதாக வருபவர் முதலில் குர்து மொழியின் இரு பெரிய கிளைமொழிகளான குர்மாஞ்சி, சொரானி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்றாகப் படித்தால் இலக்கணம் குழம்பும்: குர்மாஞ்சியில் பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் உண்டு, சொரானியில் பொதுவாக இல்லை. கூடவே துருக்கி, அரபு, பாரசீகத்தில் ஒன்று கட்டாயம். பிரெஞ்சோ ரஷ்யனோ வாசிக்கத் தெரிந்தால் 19ஆம் நூற்றாண்டு கைக்கு வரும். கிளைமொழிகளுக்கு மொழியியலாளர் மெக்கன்சியின் 1961-62 ஆய்வு, சமூக அமைப்புக்கு மார்ட்டின் வான் புரூய்னெசென் 1978இல் சமர்ப்பித்த ஆய்வேடு. இவ்விரண்டையும் தாண்டிப் போக முடியாது.

எல்லோரும் இடறும் இடம் தேடல். மெம்-ஸீன் காவியக் கவிஞர் அஹ்மத் கானியின் பெயரில் ‘கானி’ என்பது குர்து லத்தீன் எழுத்தில் எக்ஸ் எழுத்திலும், துருக்கியில் எச்சிலும், ஆங்கிலத்தில் கே-எச்சிலும் தொடங்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் நூலகப் பட்டியலில் பாதி தப்பிப்போகும். அரபு எழுத்தில் எழுதப்படும் சொரானி இன்னும் மோசம். அரபு காஃபும் பாரசீகக் காஃபும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்று, யூனிகோடில் வேறு வேறு எண். யே எழுத்துக்கும் இதே கதி. குறில் எ-வை சிலர் அதற்குரிய தனி எழுத்தாலும், சிலர் ஹே எழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறியைச் சேர்த்தும் அடிப்பார்கள். பழைய கோப்புகள் அலி-கே போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் எதுவுமே சிக்காது. ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றி, இந்த மூன்று எழுத்துகளையும் ஒரே வடிவாக்கி, பிறகு தேடுங்கள்.

மக்கள்தொகை எண்ணிக்கையை மேற்கோள் காட்டுவதற்கு முன் எண்ணியது யார், எந்த ஆண்டு என்று பாருங்கள். துருக்கி தாய்மொழிக் கணக்கைக் கடைசியாக வெளியிட்டது 1965 கணக்கெடுப்புக்குத்தான். அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாமே மதிப்பீடு.