ராஜா சமாதிக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி

கேள்வி: ஐயா, மகள் பிரான்ஸில் தூர் நகரத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். ஜூன் மாதம் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் ஃபோந்தவ்ரோ என்ற அரச மடம் இருக்கிறதாம், அதற்குள்ளேயே தங்கவும் செய்யலாமாம். ராஜாக்களின் சமாதி இருக்கிறது, ஒரு காலத்தில் ஜெயிலாகவும் இருந்தது என்றதும் இவர், "வெள்ளியைக் கொட்டிக் கொடுத்துச் சுடுகாட்டில் படுக்கணுமா?" என்கிறார். காலையில் போய் மாலையில் திரும்பினால் போதாதா? (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: போதாது அம்மா. தங்குங்கள், ஒரு ராத்திரியாவது.

நான் முதல் தடவை போனபோது நீங்கள் சொல்வது மாதிரிதான், மத்தியானம் போய் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, பஸ்ஸில் வந்த கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிட்டேன், பெரிய கட்டடம் என்பதைத் தவிர மனதில் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த முறை தங்கினேன். வாசல் சாத்திய பிறகும் உள்ளே தங்குகிறவர்கள் வளாகத்தில் நடக்கலாம். ஜூன் மாதம் அங்கே இருட்டுவதற்கு ராத்திரி பத்து மணி ஆகும், அந்த வெள்ளைக் கல் சுவர்கள் வெயில் இறங்க இறங்க மஞ்சளாகிக்கொண்டே வரும். அதைப் பகலில் போய்ப் பார்க்க முடியாது.

சரி, கதைக்கு வருகிறேன். 1101இல் ரொபேர் தர்ப்ரிசெல் என்ற ஊர் ஊராகப் போகும் பிரசங்கியார், தன் பின்னால் திரண்ட ஆண், பெண், பணக்காரர், பரதேசி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் காட்டில் உட்கார்ந்தார். அவர் போட்ட ஏற்பாடுதான் விசேஷம்: ஆண் துறவிகளும் இருப்பார்கள், பெண் துறவிகளும் இருப்பார்கள், ஆனால் எல்லோருக்கும் தலைமை ஒரு பெண். அதுவும் சின்ன வயதிலிருந்து மடத்துச் சுவருக்குள் வளர்ந்தவள் வேண்டாம், குடும்பம் நடத்தி, கணக்கு வழக்குப் பார்த்துப் பழகியவள்தான் வேண்டும் என்றார். 1115இல் பெத்ரோனில் என்ற விதவை முதல் மடத்தலைவி ஆனார். அதிலிருந்து பிரெஞ்சுப் புரட்சியில், 1792இல், மடத்தை மூடும் வரை 36 பெண்கள் வரிசையாக ஆண்டார்கள். பின்னாளில் ராஜ குடும்பத்துப் பெண்களே பலர் அந்தப் பதவிக்கு வந்தார்கள், பதினைந்தாம் லூயி தன் நான்கு இளைய மகள்களை வளரவே அங்கே அனுப்பினார். 'அரச' என்ற பட்டம் சும்மா ஒட்டியதில்லை.

நம் ரப்பர் தோட்டத்தில் மேட்டில் துரையின் பெரிய பங்களா, அப்புறம் கணக்கெழுதும் கிராணி வீடு, கீழே தொழிலாளிகளின் லயம் என்று ஆளுக்கொரு இடம் இருந்ததில்லையா, அதே மாதிரி அங்கேயும் கன்னியருக்கு ஒரு கட்டு, ஆண் துறவிகளுக்குத் தள்ளி ஒன்று, மனம் திருந்தி வந்த பெண்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, தொழுநோயாளிகளுக்கு ஒன்று. ஒரே வித்தியாசம், பங்களாவில் துரை இல்லை, துரைசாணிதான்! ஆண் துறவிகள் அதை விரும்பினார்களா என்றால், இல்லை, அவ்வப்போது முறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நீங்கள் தங்கப் போகும் ஓட்டல் சேன் லசார் என்ற கட்டில் இருக்கிறது. அதுதான் அந்தத் தொழுநோயாளிகளின் கட்டு. இதை வீட்டுக்காரரிடம் போய் வந்த பிறகு சொன்னால் போதும்.

ஜெயில் விஷயம் உண்மை. 1804இல் நெப்போலியன் உத்தரவு போட்டார், 1814இல் கைதிகள் வந்தார்கள், 1963 வரை அது ஜெயில்தான். மாதா கோவில் நடுவிலேயே மாடித் தளம் போட்டுக் கைதிகளைப் படுக்க வைத்தார்கள். கொடுமைதான், ஆனால் ஜெயிலாக இருந்ததால்தான் இந்த அளவாவது தப்பியது என்பது என் எண்ணம். ஆண் துறவிகளின் கட்டு யாருக்கும் பயன்படாமல் இடிந்தே போயிற்று.

கேள்வி: இது அவர் கேட்கச் சொன்னது. இங்கிலாந்து ராஜாவுக்கு பிரான்ஸில் ஏன் சமாதி?

பதில்: அவரிடம் சொல்லுங்கள், அந்த ராஜாக்களுக்கு அதுதான் சொந்த ஊர். இரண்டாம் ஹென்றி, ஆன்ஜூ என்ற அந்தப் பகுதியின் பிரபு வம்சம், இங்கிலாந்து அப்புறம் கிடைத்தது. 1189இல் பக்கத்து ஷினோன் கோட்டையில் இறந்தார், இங்கே கொண்டுவந்தார்கள். அவர் மகன், சிங்க இருதயன் என்ற ரிச்சர்டு, 1199இல் அம்பு பட்டுச் செத்தார், உடல் இங்கே, இருதயம் மட்டும் ரூவான் நகரத்தில். ஹென்றியின் மனைவி எலினோரும் இங்கேதான். மகன்களோடு சேர்ந்து தனக்கு எதிராகக் கிளம்பினாள் என்று ஹென்றி அந்த அம்மாவைப் பதினைந்து வருடத்துக்கு மேல் காவலில் வைத்திருந்தார். அவர் போன பிறகும் அந்த அம்மா பதினைந்து வருடம் இருந்து, 1204இல்தான் கண்ணை மூடினார். கல் சிலையில் பாருங்கள், புருஷன் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், பக்கத்தில் இவர் கையில் புத்தகம் விரித்தபடி. அந்த ஒரு சிலைக்காகவே போகலாம்.

சுடுகாடு என்கிறாரே, அங்கே இப்போது சிலைகள்தான் இருக்கின்றன. புரட்சியில் கல்லறைகளைக் கலைத்துவிட்டார்கள், எலும்பு எங்கே போனது என்று தெரியாது. ஆகையால் தைரியமாகத் தூங்கலாம்.

கேள்வி: சாப்பாடு, போக்குவரத்து?

பதில்: பாரிஸிலிருந்து தூர் வரை வேக ரயில், அங்கிருந்து சோமூருக்குச் சின்ன ரயில், பிறகு சுமார் 15 கிலோமீட்டர். மகள் கார் ஓட்டினால் உத்தமம், நீங்கள் ஓட்ட வேண்டாம், அங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். விசா வேண்டாம், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை சும்மாவே விடுவார்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அந்தக் கிராமங்களில் பல கடைகள் அன்றைக்கு மூடியிருக்கும், நான் பையில் இருந்த முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தவன். முறுக்கும் ஊறுகாயும் தாராளமாகக் கொண்டுபோங்கள், கோழிச் செருண்டிங் (உதிரியாக வறுத்த கோழி) டப்பா மட்டும் வேண்டாம், இறைச்சியை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.