அன்றாடம் வரும் சின்னச் சின்னப் பயங்களையும், மனிதர்கள் தரும் எரிச்சல்களையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

லிஃப்டில் ஏறப் பயம், கரப்பான்பூச்சியைக் கண்டால் நடுக்கம், போன் மணி அடித்தாலே படபடப்பு. இன்னொரு பக்கம், பெயர் மறந்துபோன தெரிந்தவர், பிடித்தால் விடாமல் பேசுகிறவர், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் போன் பேசுகிறவர். "இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் வருகிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தினமும் வருவது எப்படிச் சின்ன விஷயம் ஆகும்? செருப்புக்குள் கிடக்கும் கல்லும் சின்னதுதான். ஆனால் நாள் முழுக்க நடக்க வேண்டியவருக்கு அதுதான் பெரிய விஷயம். அதனால் தயங்காமல் கேட்டது நல்லது.

எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றுதான். பயப்படுத்தும் பொருளாக இருந்தாலும், எரிச்சலூட்டும் ஆளாக இருந்தாலும், விலகி ஓடாமல் ஒரே ஒரு எட்டு கிட்டே போவது. ஒரு எட்டு போதும், அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். தூரத்தில் நிற்கும்வரை அந்தப் பொருளுக்கு உருவம் கொடுப்பது நம் மனம்தான். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மா சொல்லவில்லை. கிட்டே போனால்தான் அதன் சொந்த உருவம் தெரிகிறது.

லிஃப்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் எனக்கே இருந்தது. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கட்டடத்தில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. உள்ளே நான் மட்டும். பன்னிரண்டு நிமிடம், கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, கயிறு இப்போது அறுமா, அடுத்த நொடி அறுமா என்று நின்றிருந்தேன். மெக்கானிக் வந்து கதவைத் திறந்து கைகொடுத்து வெளியே எடுத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கரண்ட் இல்லாம பிரேக் வேலை செய்யாமப் போயிருந்தா?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த டார்ச்சை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கரண்ட் போனாத்தான் சார் பிரேக் பிடிக்கும். பிரேக்கை விடுறதுக்குத்தான் கரண்ட் வேணும்."

அந்த ஒரு வரியில் என் பயம் பாதி இறங்கியது. நான் பயந்ததற்கு நேர் எதிராக அந்த யந்திரம் கட்டப்பட்டிருக்கிறது! அப்புறம் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். லிஃப்ட் ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை. பல எஃகுக் கயிறுகள் இருக்கும், ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். மறுமுனையில் ஓர் எதிர் எடை தொங்குகிறது. காலிப் பெட்டியைவிட அது கனமானது. ஆக ஒரே ஒருவர் நிற்கும் பெட்டி கட்டுப்பாட்டை இழந்தால்கூட மேலே இழுபடத்தான் பார்க்கும். வேகம் எல்லை மீறினால் இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் கவ்விப் பிடிக்கிற தனி அமைப்பு ஒன்றும் உண்டு. 1854ல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் உயரத்தில் ஒரு மேடையில் ஏறி நின்றுகொண்டு, அதைத் தாங்கியிருந்த கயிற்றைக் கூட்டத்தின் முன்னாலேயே வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்ற என் கேள்விக்கு, நான் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் தன் உயிரை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

மூச்சு முட்டும் என்ற பயமும் வேண்டாம். பெட்டி காற்றுப் புகாமல் மூடப்பட்டதல்ல, காற்றோட்டத்துக்கு வழி வைத்திருப்பார்கள். உண்மையில் ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மனதில் வையுங்கள்: மாடிகளுக்கு நடுவில் நின்றால் கதவை நெம்பித் திறந்து குதிக்கப் பார்க்கக் கூடாது. அழைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் மறுநாள் ஒரே ஒரு மாடிக்கு மட்டும் ஏறினேன். அந்த வாரம் முழுக்க ஒரு மாடிதான். அடுத்த வாரம் இரண்டு.

கரப்பான்பூச்சி விஷயத்தை என் மகளிடமிருந்து சொல்கிறேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. சமையலறையில் ஒன்றைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போகமாட்டாள். "அது ஒண்ணும் பண்ணாது" என்று நூறு முறை சொல்லியிருப்பேன். பயந்தவரிடம் அந்த வாக்கியம் எடுபடாது. ஒருநாள் ஒரு பூச்சியைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, மூடியில் துளை போட்டு, கூடத்தின் கோடியில் வைத்தேன். "நீ வாசற்படியிலேயே உட்காரு, கிட்ட வர வேண்டாம்" என்றேன். முதல் நாள் அங்கிருந்தே பார்த்தாள். இரண்டாம் நாள் தரைவிரிப்பின் ஓரம்வரை வந்தாள். நாலாம் நாள் பாட்டிலுக்கு ஒரு சாண் தள்ளிக் குப்புறப் படுத்திருந்தாள். "அப்பா, இங்க பாருங்க, மீசையைத் தொடைக்குது!" என்று கூப்பிட்டாள். உண்மைதான். தன் நீண்ட உணர்கொம்பை வளைத்து, வாய்க்குள் விட்டு, அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. இத்தனை வயதில் நானும் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறுகிற பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனின் பயத்தை எப்படிப் போக்கினார் என்று எழுதினார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்படி அவனே விட்டான். இன்றைக்கும் மருத்துவர்கள் இந்தப் பாதையில்தான் போகிறார்கள்.

கரப்பான்பூச்சி நம் மேல் பாய்வதாகத் தோன்றுகிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பின்புறத்தில் இரண்டு சிறு நீட்சிகள் இருக்கின்றன, அவற்றின் மேல் மெல்லிய ரோமங்கள். நாம் காலைத் தூக்கும்போது அசையும் காற்றை அவை உணர்ந்துவிடும், உடனே அது எதிர்ப்பக்கம் ஓடும். துரத்துவது நாம்தான், தப்புவது அது.

இடிக்குப் பயப்படுகிறவர்கள் எண்ணிப் பழகுங்கள். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். முப்பது நொடிக்குள் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். எண்ணிக்கொண்டிருக்கும் மனதுக்கு நடுங்க நேரம் இருக்காது.

இவ்வளவும் சின்னப் பயங்களுக்கு. ஒரு பயத்துக்காக வேலையை மறுக்கிறீர்கள், ஊரைச் சுற்றிப் போகிறீர்கள், மாதக்கணக்கில் தூக்கம் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் உள்ள பயத்துக்கு, அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் சிகிச்சை தரும் முறைகூட 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. இதில் தயங்க ஒன்றும் இல்லை.

அடுத்து போன். இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. முகம் தெரியாது, யோசிக்க நேரம் கிடைக்காது, அதுதான் காரணம். நான் செய்வது இது: கூப்பிடுவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் முதல் வாக்கியத்தை முழுசாக எழுதிவிடுவேன். "வணக்கம், நான் இன்னார் பேசுகிறேன், இந்த விஷயமாகக் கூப்பிட்டேன், இப்போது பேசலாமா?" அதன் கீழே கேட்க வேண்டியது இரண்டு வரி. முதல் வாக்கியத்தைப் பார்த்துப் படித்துவிட்டால் மிச்சத்தை எதிர்முனை பார்த்துக்கொள்ளும். பேசி முடித்த பிறகு "உளறிவிட்டோமோ" என்று குடைகிறதே, அதற்கும் ஒரு மருந்து உண்டு. 2018ல் எரிக்கா பூத்பி என்பவரும் உடனிருந்த ஆய்வாளர்களும் முன்பின் அறியாதவர்களைப் பேச வைத்து, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள். எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைத்தார்களோ, உண்மையில் அதைவிட அதிகமாகப் பிடித்திருந்தது. பேச்சு முடிந்து நாம் நம்மையே திட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் இருப்பவர் நம்மைப் பற்றி நல்லபடியாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்" என்ற கூச்சத்துக்கும் இதே கதைதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் மாணவர்களை, போட்டுக்கொள்ளக் கூசும்படியான ஒரு பாடகர் படம் போட்ட டிஷர்ட்டை மாட்டிக்கொண்டு, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் போகச் சொன்னார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய அதில் பாதிதான். 2000ல் வெளிவந்த ஆய்வு இது. படியில் தடுக்கினாலும், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாலும் அந்த டிஷர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எரிச்சல்களுக்கு வருவோம். பெயர் மறப்பதை நீங்கள் குற்றம் போலச் சொல்கிறீர்கள். அது குற்றமே இல்லை. ஆங்கிலத்தில் பேக்கர் என்பது ஒரு குடும்பப் பெயர், ரொட்டி சுடுகிறவரையும் அப்படித்தான் சொல்வார்கள். 1987ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு முகத்தோடு அந்தச் சொல்லைத் தொழிலாகக் கேட்டால் நினைவில் நின்றது, பெயராகக் கேட்டால் நழுவியது. தொழில் என்றால் அடுப்பு, மாவு, மணம் என்று பிடித்துக்கொள்ள நாலு கொக்கி இருக்கிறது. பெயருக்கு ஒரு கொக்கியும் இல்லை. அதனால் மழுப்பாமல் கேட்டுவிடுங்கள்: "உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது, போன தடவை உங்கள் தோட்டத்தைப் பற்றிப் பேசினோம். பெயர் மட்டும் நழுவிவிட்டது, ஒரு தடவை சொல்லுங்களேன்." மூன்று வருடமாகப் பெயர் தெரியாமல் தலையசைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நான் இப்படித்தான் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்க பேரும் எனக்கு..." என்றார்.

விடாமல் பேசுகிறவர் எல்லோரும் பேச்சு வெறியர்கள் அல்ல. ஆடம் மாஸ்ட்ரோயானி என்பவரின் குழு 2021ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. அவரும் எப்படி முடிப்பது என்று தெரியாமல்தான் நின்றுகொண்டிருக்கக்கூடும். கடிகாரத்தைப் பார்ப்பது, ஒரு காலைத் திருப்பி வைப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது. அவர் சொன்னதில் ஒன்றைத் திருப்பிச் சொல்லி முடியுங்கள்: "உங்க அண்ணன் உடம்பு தேறிட்டது நல்ல சேதி. நான் கிளம்பணும், ஞாயிற்றுக்கிழமை பேசறேன்." கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டால் மனம் நோகாது.

சத்தமாகப் போன் பேசுகிறவர் மேல் வரும் எரிச்சலுக்கு நம் மூளையும் ஒரு காரணம். இரண்டு பேரின் பேச்சை முழுசாகக் கேட்பதைவிடப் போனில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பது கவனத்தை அதிகம் கெடுக்கிறது என்று 2010ல் லாரன் எம்பர்சன் என்பவரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். மறுபாதி காதில் விழாததால், அடுத்து என்ன என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. இது தெரிந்த பிறகு, அந்த ஆள் வேண்டுமென்றே செய்கிறார் என்ற கோபம் எனக்குக் குறைந்துவிட்டது. கோபம் இல்லாமல் கேட்டால் குரலிலேயே அது தெரியும். "கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா, நான் படிச்சிட்டிருக்கேன்" என்று ஒரே வாக்கியம், காரணத்தோடு. அதற்குப் பிறகு முறைக்காதீர்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் உடனே குரலைத் தாழ்த்தினார்கள். கேட்காதவர் ஒருவர் இருந்தார், நான் இடம் மாறி உட்கார்ந்தேன்.

எதில் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். போனில் தொடங்குங்கள், அதற்குத் தேவை ஒரு துண்டுத்தாள்தான். பல நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் அழைப்பு ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதன் முதல் வாக்கியத்தை இன்று இரவே எழுதி வைத்துவிடுங்கள். நாளைக் காலையில் படிக்க மட்டும்தான் வேண்டும்.