பழைய கேமராவை நம்பலாமா?

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைக் கவனித்துக்கொள்ள, 5 ஆண்டுகளுக்கு முன் இணையக் கேமரா ஒன்றை மாட்டினோம். வேலைக்குப் போன இடத்திலிருந்து போனில் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாராவது அதற்குள் நுழைய முடியுமா? இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா?

பதில்: முடியும். அதற்காகப் பதறிப்போய்க் கழற்றிவிட வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள்.

2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ் பரவியது. கேமரா, ரௌட்டர் போன்றவற்றில் தயாரிப்பாளர்களே போட்டு அனுப்பும் ‘அட்மின்’, ‘12345’ மாதிரியான பாஸ்வேர்டுகளில் சுமார் 60 மட்டுமே அதன் கையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி, அப்படிப் பிடிபட்ட கருவிகள் இணையதளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித்தரும் ‘டைன்’ நிறுவனத்தின் சர்வர்களை ஒரே நேரத்தில் மொய்க்க, அதை நம்பியிருந்த, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் திணறின. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் மறுபடி தொற்றிக்கொள்ளும். சில மாடல்களில் அந்த பாஸ்வேர்டை மாற்றவே வழியில்லை. வாங்கியவர் என்னதான் செய்வார்? சட்டம் தயாரிப்பாளரைத்தான் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் வந்திருக்கிறது, தாமதமாக. எல்லாக் கருவிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு போட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்தது. பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதையும் அங்கே சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11-ல்தான் நடைமுறைக்கு வருகின்றன. பொதுவாக 5 ஆண்டுகளாவது அப்டேட் தர வேண்டும் என்கிறது அது. ஆனால் இவையெல்லாம் புதிதாக விற்பனைக்கு வரும் பொருள்களுக்கு. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கேமராவை இந்த விதிகள் எதுவும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

அதனால் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். நின்றுபோயிருந்தால் மாற்றிவிடுங்கள், படம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி. இன்னும் வருகிறதென்றால், கேமராவை ரௌட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபைக்கு (வீட்டின் மற்ற கருவிகளோடு சேராத தனி இணைப்பு) மாற்றுங்கள். செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதியைப் போடுங்கள். அப்புறம், அம்மாவுக்கு உடை மாற்றும் நேரத்தில் செயலியில் ‘ஆஃப்’ என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை பிளக்கையே பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.