ஜப்பான்காரங்களுக்கும் பிரிட்டிஷ்காரங்களுக்கும் மொழி, கலாசாரத்துல தொடர்பு இருக்கா?

மொழில சொந்தமே கிடையாது, ஜப்பானிய மொழி தனிக் குடும்பம். ரெண்டும் தீவு, ரெண்டு இடத்துலயும் ராஜகுடும்பம், டீன்னு சிலர் முடிச்சுப் போடுவாங்க, அதெல்லாம் தற்செயல். நிஜத் தொடர்பு வரலாறுல வந்தது.

1600ல வில்லியம் ஆடம்ஸ்ங்கற இங்கிலீஷ் மாலுமி டச்சுக் கப்பல்ல போய் ஜப்பான்ல கரை சேர்ந்து, கடைசில அந்த நாட்டையே ஆண்ட தொகுகாவா இயேயாசுவுக்கே ஆலோசகர் ஆயிட்டாரு. ஆனா பெரிய கொடுக்கல் வாங்கல் மெய்ஜி காலத்துலதான் (மெய்ஜி பேரரசர் ஆண்ட 1868–1912), 1872ல திறந்த ஷிம்பாஷி (டோக்கியோ)–யோகோஹாமா ரயிலுக்கு பிரிட்டிஷ் இன்ஜினியர்ங்க வந்தாங்க, கடற்படையையும் பிரிட்டன் மாதிரியே அமைச்சாங்க, 1902ல கூட்டணி வேற.

எனக்குப் பிடிச்சது சாப்பாட்டுக் கதைதான். வெறும் வெள்ளைச் சோறா தின்னு ஜப்பான் கடற்படை மாலுமிங்க பெரிபெரிங்கற சத்துக் குறைபாட்டு நோய் வந்து செத்துட்டிருந்தாங்க, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில படிச்ச டாக்டர் தகாகி கனேஹிரோ 1880கள்ல இறைச்சி, பார்லின்னு மெனுவையே மாத்தி அத அடக்கிட்டாரு (புரதம் கம்மிதான் காரணம்னு நெனச்சாரு, உண்மைல கம்மியா இருந்தது வைட்டமின் பி1, இருந்தாலும் வைத்தியம் பலிச்சுது!). பிரிட்டிஷ்காரங்க இந்தியாலேருந்து கொண்டுபோன கறி பவுடரும் அந்தக் காலத்துலயே ஜப்பான் போய், மைதா சேர்த்த கெட்டிக் குழம்பா கடற்படைக்குள்ள நுழைஞ்சுது, இன்னைக்கும் அங்க வெள்ளிக்கிழமைன்னா கறி ரைஸ்தான். நம்ம நாக்குக்கு அது லேசா இனிக்கும், அது வேற விஷயம்.

வார்த்தைங்கள பாத்தா இங்கிலீஷ்லேருந்து அங்க ஏகப்பட்டது போயிருக்கு, ஆனா அதுல பாதிக்கு மேல ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் அமெரிக்கா வழியா போனதுன்னுதான் நான் நினைக்கிறேன், பிரிட்டனுக்கு அந்தப் பெருமைய முழுசா கொடுக்க முடியாது. பதிலுக்கு இங்கிலீஷ் வாங்கினது சுனாமி, கராத்தே, எமோஜி.